கார்பன் வரியும் நம் தொழிலும்: டர்பன் பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், வெருலம், டோங்காட், பைன்டவுன் பக்கம் மசாலா மில், பேக்கரி, தையல் ஆலை, டிரக் என்று பலவிதமான தொழில் செய்கிறவர்களிடம் போய்வருகிறேன். இரண்டு வருடமாகப் போகிற இடமெல்லாம் கார்பன் பற்றி ஏதாவது ஒரு கேள்வி காத்திருக்கிறது. கோயிலில் பிரசாத வரிசையில் நிற்கும்போதுகூடக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன்.

"கார்பன் வரி, கார்பன் வரின்னு சொல்றாங்களே, அது என்ன? இன்னொரு வாட் வரியா?"

இல்லை. வாட் ஒவ்வொரு விற்பனையோடும் ஒட்டிக்கொண்டு வரும். கார்பன் வரி புகைக்குப் போடுவது. நிலக்கரி, எரிவாயு, எண்ணெய் எரிக்கும்போதும், சிமென்ட் சுடுவது போன்ற சில வேலைகளிலும் வெளியேறும் வாயுக்களை டன் கணக்கில் அளந்து, டன்னுக்கு இவ்வளவு என்று வசூலிக்கிறார்கள். வசூல் செய்வது நம் நாட்டு வருவாய்த் துறையான சார்ஸ்.

சட்டம் 2019 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அப்போது டன்னுக்கு 120 ரான்ட். 2025-ல் அது 236 ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 308. 2030-ல் 462 என்பதுவரை சட்டத்தில் எழுதிவிட்டார்கள். ஆண்டுக்கு ஆண்டு ஏறும் என்பது எல்லோருக்கும் தெரிந்த ஒன்று என்பதால்தான் பெரிய நிறுவனங்கள் இப்போதே கணக்குப் போட்டு வேலை செய்கின்றன.

"என் மசாலா மில்லுக்கும் பில் வருமா அண்ணா?"

பெரும்பாலும் வராது. எரிபொருள் எரிக்கும் தொழில்களுக்குப் பொதுவான எல்லை 10 மெகாவாட் வெப்பத் திறன். இது மின்சார மெகாவாட் இல்லை, எரிபொருளாக உள்ளே போகிற வெப்பத்தின் அளவு. பாய்லர் கணக்கில் சொன்னால், மணிக்கு 12 டன் அளவில் நீராவி தரும் பாய்லர் வைத்திருப்பவர் அந்த எல்லையை நெருங்குகிறார். கேஸ் அடுப்பில் மல்லி வறுக்கும் மில் அதற்கு வெகு தூரத்தில் இருக்கிறது. சிமென்ட், செங்கல் மாதிரி சில தொழில்களுக்கு மட்டும் எல்லை வேறு.

எல்லையைத் தாண்டியவர்கள் இரண்டு வேலை செய்ய வேண்டும். முந்தைய ஆண்டின் புகைக் கணக்கை மார்ச் 31-க்குள் சுற்றுச்சூழல் துறையிடம் இணையத்தில் பதிய வேண்டும். அப்புறம் ஜூலையில் சார்ஸிடம் வரி கட்ட வேண்டும்.

"அப்போ எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையே, நிம்மதியா தூங்கலாமா?"

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். இந்த வரி முன்வாசலில் வந்து கதவைத் தட்டாது, கொல்லை வழியாக உள்ளே வரும். முதல் வழி டீசல். பெட்ரோல், டீசல் விலைக்குள்ளேயே ஒரு கார்பன் கட்டணம் இருக்கிறது. 2025 ஏப்ரலில் அது பெட்ரோல் லிட்டருக்கு 14 சென்ட், டீசலுக்கு 17 சென்ட் ஆனது. அந்தக் கணக்கில் மாதம் 3,000 லிட்டர் டீசல் போட்ட டிரக்காரர் 510 ரான்டைத் தெரியாமலே கட்டினார். மின்சாரத்தைப் பொறுத்தவரை, இந்த வரியால் கட்டணம் ஏறாதபடிதான் முதல் கட்டத்தை அமைத்தார்கள். ஆனாலும் அரசு மின் நிறுவனமான எஸ்காம் தரும் மின்சாரத்தில் மிகப் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது என்பதால் நம் ஒவ்வொரு யூனிட்டிலும் கார்பன் இருக்கிறது.

இன்னொரு வழி உங்கள் பெரிய வாடிக்கையாளர். அதுதான் முக்கியமானது. வரியைவிட முன்னால் அவருடைய கேள்வித்தாள்தான் உங்கள் கைக்கு வரும். எனக்குத் தெரிந்த பாதிப் பேருக்கு ஏற்கனவே வந்துவிட்டது.

"பெரிய கம்பெனிக்காரங்க உண்மையிலேயே ஏதாவது செய்றாங்களா, இல்ல பேச்சு மட்டும்தானா?"

பேச்சும் உண்டு, செயலும் உண்டு. செயல் எங்கே தெரிகிறது என்றால் மின்சாரத்தில். 100 மெகாவாட் வரை லைசென்ஸ் இல்லாமல் சொந்தமாக மின்சாரம் தயாரிக்கலாம் என்று 2021-ல் விதி தளர்ந்தது. 2023 தொடக்கத்தில் அந்த உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள், பதிவு செய்தால் போதும். அதன்பின் சுரங்கங்களும் ஆலைகளும் எங்கோ வடக்கு கேப்பில் இருக்கும் சோலார் பண்ணையிலிருந்து எஸ்காம் கம்பி வழியாக மின்சாரம் வாங்குகின்றன. இதற்கு வீலிங் என்று பெயர். இதை முன்பே செய்து காட்டியது ரோஸ்லினில் உள்ள பிஎம்டபிள்யூ ஆலை. பிரான்கோர்ஸ்ட்ஸ்ப்ரூட் மாட்டுப்பண்ணைச் சாணத்திலிருந்து வரும் மின்சாரத்தை 2015-ல் வாங்கத் தொடங்கியது. செகுண்டாவில் நிலக்கரியிலிருந்து எண்ணெய் எடுக்கும் சாசோல் 2030-க்குள் தன் புகையை 2017 அளவிலிருந்து 30 சதவீதம் குறைப்பதாக 2021-ல் அறிவித்தது. அவ்வளவு நிலக்கரியை நம்பி நிற்கும் நிறுவனத்துக்கு அது சுலபமான வேலை இல்லை.

ஜோஹன்னஸ்பர்க் பங்குச் சந்தை 2022-ல் காலநிலைத் தகவல்களை எப்படி வெளியிட வேண்டும் என்று வழிகாட்டி ஒன்று கொடுத்தது. கட்டாயம் இல்லை. ஆனால் வங்கிகளும் ஓய்வூதிய நிதிகளும் அந்த எண்களைக் கேட்கின்றன. இயக்குநர் குழுவில் உட்கார்ந்திருப்பவர் 462 ரான்டை வைத்து 2030-க்கு ஒரு கணக்கு, அதைவிட அதிகமானால் ஒரு கணக்கு என்று போட்டுப் பார்த்துத்தான் புதுப் பாய்லருக்குக் கையெழுத்துப் போடுகிறார். பத்து வருடம் முன்பு இப்படி யாரும் யோசித்து நான் பார்த்ததில்லை.

"பெரிய ஆலைக்கு நிஜத்தில் எவ்வளவு வரும்? ஒரு உதாரணம் சொல்லுங்க"

ஆண்டுக்கு 8,000 டன் நிலக்கரி எரிக்கும் ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். ஒரு டன் நிலக்கரிக்குச் சுமார் 2.4 டன் கார்பன் டை ஆக்சைடு, ஆக மொத்தம் 19,200 டன். முழு விலை 308 ரான்ட் என்றாலும் அடிப்படைச் சலுகையாக 60 சதவீதம் கழிகிறது. மீதி டன்னுக்கு 123.20 ரான்ட். பெருக்கினால் 23 லட்சத்து 65 ஆயிரம் ரான்ட் வரும்.

ஏற்றுமதிப் போட்டியில் இருப்பவர்கள், தங்கள் துறையின் சராசரியைவிடக் குறைவாகப் புகைவிடுகிறவர்கள், தங்கள் புகைக்கு ஈடாக வேறிடத்தில் புகையைக் குறைக்கும் ஈட்டுத் திட்டங்களில் பணம் போடுகிறவர்கள் ஆகியோருக்கு மேலும் சலுகை உண்டு. முதல் கட்டத்தில் எல்லாம் சேர்த்தால் 95 சதவீதம் வரைகூடக் கழிந்தது. அதனால் பல ஆலைகளுக்கு இதுவரை வலிக்கவில்லை. விலை ஏறும்போது சலுகையும் கொஞ்சம் சுருங்கினால் இரண்டும் சேர்ந்து அடிக்கும் என்பதுதான் அவர்களுடைய பயம்.

"வாடிக்கையாளர் ஒரு படிவம் அனுப்பியிருக்கார். ஸ்கோப் 1, 2, 3-ன்னு போட்டிருக்கு. என்ன எழுதுறது?"

ஸ்கோப் 1 என்பது உங்கள் சொந்த இடத்திலும் வண்டியிலும் நீங்களே எரிப்பது: டீசல், பெட்ரோல், கேஸ், நிலக்கரி. ஸ்கோப் 2 நீங்கள் வாங்கும் மின்சாரம். ஸ்கோப் 3 மற்றதெல்லாம்: வாங்கிய சரக்கு, வெளியாள் டிரக், குப்பை. இப்போது உங்கள் வாடிக்கையாளர் பக்கமிருந்து பாருங்கள். உங்களுடைய 1, 2 இரண்டும் அவருடைய ஸ்கோப் 3-க்குள் போய் உட்காருகின்றன. அவர் தன் மேலிடத்துக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். அதனால்தான் கேட்கிறார். உங்களை மாட்டிவிட அனுப்பிய படிவம் இல்லை அது.

கணக்கு கடினமில்லை, பில் இருந்தால் போதும். டீசல் லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. கேஸ் கிலோவுக்குச் சுமார் 3 கிலோ, அப்படியென்றால் ஒரு 48 கிலோ சிலிண்டருக்கு 144 கிலோ. எஸ்காம் மின்சாரம் யூனிட்டுக்கு ஏறக்குறைய 1 கிலோ. படிவத்தில் எழுதும்போது மட்டும் எஸ்காமோ சுற்றுச்சூழல் துறையோ அந்த ஆண்டுக்கு வெளியிட்ட எண்ணைப் போட்டு, எங்கிருந்து எடுத்தீர்கள் என்றும் குறிப்பிடுங்கள்.

மாதம் 12,000 யூனிட் மின்சாரமும் 600 லிட்டர் டீசலும் செலவாகும் பேக்கரியைப் பாருங்கள். மின்சாரம் ஆண்டுக்குச் சுமார் 144 டன், டீசல் 19 டன்னுக்குச் சற்று மேல். பக்கியை, அதாவது சின்ன சரக்கு வண்டியை, மாற்றலாமா என்று அந்த அண்ணன் ஆறு மாதம் யோசித்துக்கொண்டிருந்தார். எண்ணைப் பார்த்த பிறகுதான் அடுப்பும் குளிர் அறையும் பக்கம் திரும்பினார். இந்தப் படிவத்தால் நமக்கே கிடைக்கும் லாபம் அதுதான்.

"லோட் ஷெட்டிங்குக்காக ஜெனரேட்டர் மேல ஜெனரேட்டரா வாங்கிப் போட்டோம். அதுவும் அந்த 10 மெகாவாட்டில சேருமா?"

சேரும். மேலே 10 மெகாவாட் என்றேனே, அது ஓர் இயந்திரத்துக்கு இல்லை, ஒரே நிறுவனத்தின் கையில் எல்லா இடங்களிலும் இருக்கிற எரிப்பு இயந்திரங்களின் மொத்தத் திறன். ஓடினதா சும்மா நின்றதா என்பது எல்லையை முடிவு செய்யும்போது கணக்கில்லை. 500 கேவிஏ ஜெனரேட்டர் ஒன்று முழு வேகத்தில் சுமார் 1.1 மெகாவாட் எரிபொருள் வெப்பம் எடுக்கும். 2023-ல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது கிளைக்கு ஒன்றாக வாங்கிப்போட்ட கடைத்தொடர், பாய்லரே இல்லாமலும் எல்லையைத் தொட்டுவிடலாம்.

பயப்பட வேண்டாம். டீசல் விலையிலேயே கார்பன் கட்டணம் கட்டிவிட்டீர்கள், அந்தப் புகைக்கு இரண்டாம் முறை வரி போடாதபடி சட்டத்தின் சூத்திரத்திலேயே கழித்திருக்கிறார்கள். ஆனால் பதிவும் அறிக்கையும் தேவைப்படும். இயந்திரப் பட்டியல் ஒன்று எழுதி வைத்திருக்கிறீர்களா என்று என்னிடம் வருகிறவர்களை எல்லாம் கேட்கிறேன். பெரும்பாலும் இல்லை.

"கூரையில சோலார் போட்டாச்சு. என் கார்பன் பூஜ்யம்னு விளம்பரம் பண்ணலாமா?"

கூடாது. பகலில் சோலார் எவ்வளவு கொடுத்தாலும் ராத்திரி எஸ்காமிலிருந்து வாங்குகிறீர்கள், பக்கி டீசலில் ஓடுகிறது. சோலார் மீட்டரில் வரும் யூனிட்டுகளுக்கு மட்டும் ஸ்கோப் 2 குறையும், அதைச் சொல்லுங்கள். அதுவே பெருமைக்குரிய எண்தான். எஸ்காம் கணிப்பிலேயே 2024-ல் நாட்டின் தனியார் கூரை சோலார் 5,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது, மின்வெட்டு பயத்தில் நம்மைப் போன்றவர்கள் சேர்ந்து போட்டது அது.

சோலாருக்கு வருமான வரியில் என்ன கழியும் என்றும் கேட்பீர்கள். செலவில் 125 சதவீதம் கழிக்க விட்ட சிறப்புச் சலுகை 2025 பிப்ரவரியோடு முடிந்தது. 1 மெகாவாட்டுக்குக் கீழ் உள்ள சோலாருக்கு முதல் வருடமே 100 சதவீதம் கழிக்கும் பழைய வழி அதற்குப் பிறகும் இருக்கிறது.

"ஐரோப்பாவுக்கு அனுப்புறவங்களுக்குத் தனி வரியாமே?"

சிபாம் என்று சொல்கிறார்களே, அதுதான். வெளிநாட்டுப் பொருளைச் செய்யும்போது வந்த புகைக்கு ஐரோப்பிய ஒன்றியம் தன் எல்லையில் போடும் கட்டணம். 2023 அக்டோபரிலிருந்து அறிக்கை மட்டும் கேட்டார்கள், 2026 ஜனவரி 1 முதல் பணமும் உண்டு. இரும்பு, எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றுக்குத்தான். மசாலா, துணி, ஊறுகாய் அனுப்புகிறவர்கள் இப்போதைக்கு இதில் இல்லை.

கட்டுவது அங்கே இறக்குமதி செய்பவர். ஆனால் அவர் உங்களிடம் எண் கேட்பார். கொடுக்காவிட்டால் ஐரோப்பிய ஆணையம் நிர்ணயித்த பொது எண்ணைப் போடுவார்கள், அது உங்களுக்குச் சாதகமாக இருக்காது. இங்கே உண்மையில் கட்டிய கார்பன் வரியைக் கழித்துக்கொள்ள அங்கே வழி இருக்கிறது. நம் நாட்டுச் சலுகைகளெல்லாம் போக மிஞ்சும் சின்னத் தொகைதான் கழியும். பணம் பிரிட்டோரியாவுக்குப் போகட்டுமா பிரஸ்ஸல்ஸுக்குப் போகட்டுமா என்ற விவாதம் இதிலிருந்து வருகிறது. இங்கேயே இருந்தால் நம் மக்களுக்கே செலவாகும் என்பது என் கருத்து.

ரிச்சர்ட்ஸ் பேயில் உருக்கும் அலுமினியத்துக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் தகடாக்குவதற்கும் ஒரு சிறு மூச்சு கிடைத்திருக்கிறது. அலுமினியத்துக்கு ஆலையில் நேரடியாக வரும் புகையை மட்டும் இப்போது எண்ணுகிறார்கள், வாங்கும் மின்சாரத்தை எண்ணுவதில்லை. அதையும் சேர்க்கும் நாள் வந்தால் எஸ்காம் நிலக்கரியின் பாரம் அந்தத் தகட்டின் மேல் ஏறும். அந்த ஆலைகளுக்கு வேலைசெய்யும் பட்டறைக்காரர்கள் இதைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

"மரம் நட்டா வரியில கழிப்பாங்களாமே? எங்க இடத்துல நடலாமா?"

வீட்டுக்குப் பின்னால் நடும் வேப்பமரம் நிழல் தரும், வரியில் கழியாது. ஈட்டுத் திட்டம் என்றால் உலக அளவில் ஏற்றுக்கொண்ட முறையில் சரிபார்த்துப் பதிவான, இந்த நாட்டுக்குள் நடக்கும் திட்டமாக இருக்க வேண்டும். குறைத்த புகைக்கு ஏற்ப அந்தத் திட்டத்துக்குக் கார்பன் அலகுகள் கிடைக்கும், ஆலைகள் அவற்றை வாங்கித் தங்கள் வரியில் ஒரு பகுதியைக் கழிக்கலாம்.

நம் பக்கத்திலேயே இதன் இரண்டு முகமும் இருக்கிறது. வெருலம் பக்கம் பஃபல்ஸ்ட்ராய் குப்பைக் கிடங்கைச் சுற்றி, 2010 உலகக் கோப்பையின் புகைக்கு ஈடாக நகராட்சி காடு வளர்த்தது. நாற்றுகளை வளர்த்துக் கொடுத்தவர்கள் சுற்றுவட்டார வீட்டுக்காரர்கள். நல்ல வேலை அது. இன்னொரு பக்கம் கிளேர் எஸ்டேட்டில் பிசாசர் ரோடு குப்பைமேடு. இந்தியர்கள் குடியிருந்த பகுதியில் 1980-ல் கொண்டுவந்து வைத்தார்கள். அந்த வாயுவிலிருந்து மின்சாரம் எடுத்து கார்பன் அலகு விற்கும் திட்டம் வந்தபோது, அதன் பக்கத்திலேயே வாழ்ந்த சஜீதா கான் எதிர்த்து நின்றார். குப்பையால் வருமானம் வந்தால் மேட்டை மூடவே மாட்டார்கள் என்பது அவருடைய வாதம். 2007-ல் புற்றுநோயில் காலமானார். ஓர் ஈட்டுத் திட்டத்தைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால், அதற்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று முதலில் விசாரிக்கச் சொல்கிறேன்.

"வரி, படிவம் எல்லாம் சரி. வெள்ளம் வந்தா யார் பாக்குறது?"

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். 2022 ஏப்ரலில் நம் கண் முன்னே நடந்தது. இரண்டு நாள் மழையில் குவாசுலு-நட்டாலில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். பிராஸ்பெக்டனில் டொயோட்டா ஆலைக்குள் தண்ணீர் புகுந்து மாதக்கணக்கில் உற்பத்தி நின்றது. டோங்காட்டில் நீர் சுத்திகரிப்பு நிலையம் உடைந்து, மக்கள் மாதக்கணக்கில் தண்ணீர் லாரிக்காக வாளியோடு நின்றார்கள். இப்படிப்பட்ட மழை முன்பு 40 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடியது, வெப்பமான பூமியில் 20 ஆண்டுக்கு ஒருமுறை என்று அப்போது ஆய்வு செய்த விஞ்ஞானிகள் சொன்னார்கள்.

இன்ஷூரன்ஸ் பற்றி ஒன்று தெளிவாகச் சொல்ல வேண்டும். 2021 ஜூலை கலவரத்துக்குப் பிறகு பலர் சாஸ்ரியா என்ற அரசு நிறுவனத்தின் இன்ஷூரன்ஸ் எடுத்தார்கள். அது கலவரத்துக்குத்தான், வெள்ளத்துக்கு இல்லை. வெள்ளம் உங்கள் சாதாரண பாலிசியில் வருகிறதா, எவ்வளவு தொகைக்கு, கடை மூடியிருந்த நாட்களின் நஷ்டமும் சேருமா என்று எழுத்தில் வாங்குங்கள். சரக்கை, மின்பலகையை, சர்வரைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயர்த்துங்கள். சப்ளையர் ஒருவரே என்றால், அவர் இடம் தாழ்வான பகுதியா என்று ஒருமுறை போய்ப் பாருங்கள்.

"அமெரிக்காவே விலகிடுச்சு. நாளைக்கு நம்ம அரசாங்கமும் விட்டுடும், எதுக்கு இவ்வளவு பாடு?"

அமெரிக்கா 2025 மார்ச்சில் விலகியது நம் நாடு நிலக்கரியிலிருந்து மாறுவதற்கான நிதி ஒப்பந்தத்திலிருந்து. 2021-ல் 850 கோடி டாலர் என்று அறிவித்தார்களே, அது. அதே 2025 மார்ச் 17 அன்று நம் நாட்டுக் காலநிலை மாற்றச் சட்டத்தின் பெரும்பாலான பிரிவுகள் நடைமுறைக்கு வந்தன. குடியரசுத் தலைவர் ராமபோசா 2024 ஜூலையில் கையெழுத்திட்ட சட்டம் அது. பெரிய ஆலைகளுக்குக் கார்பன் உச்சவரம்பு வைக்கும் பிரிவுகளை அன்று தொடங்கிவைக்கவில்லை. வரம்பு மீறினால் டன்னுக்கு 640 ரான்ட் என்ற யோசனையை நிதியமைச்சு 2022-லேயே முன்வைத்துவிட்டது.

ஆட்சி மாறினால் வேகம் மாறலாம். உங்கள் வாடிக்கையாளரின் வாடிக்கையாளர் ஜெர்மனியில் இருந்தால் கேள்வித்தாள் நிற்காது.

"உண்மையான எண்ணைக் கொடுத்தா, அது அதிகமா இருக்குன்னு ஆர்டரை வேற ஆளுக்குக் கொடுத்துட்டா?"

நடக்கக்கூடியதுதான், நடக்காது என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் இட்டுக்கட்டிய எண் அடுத்த வருடப் படிவத்தில் காட்டிக்கொடுத்துவிடும். உற்பத்தி அதே, மின்கட்டணம் அதே, புகை மட்டும் பாதி என்றால் யார் நம்புவார்கள்? தெரியாத இடத்தில் 'மதிப்பீடு' என்று எழுதி, எப்படி மதிப்பிட்டீர்கள் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். மொத்த டன்னோடு, செய்த பொருள் கிலோ ஒன்றுக்கு எவ்வளவு என்றும் கொடுங்கள். வியாபாரம் வளர்ந்த வருடத்தில் அந்த எண்தான் உங்களைக் காப்பாற்றும்.

பைன்டவுனில் பிளாஸ்டிக் உறை செய்யும் ஒருவருக்குப் போன வருடம் இதே பயம். பன்னிரண்டு மாத மின்பில்லை வரிசையாக வைத்து நிஜ எண்ணையே கொடுத்தோம். வாங்குகிறவரிடமிருந்து திரும்பி வந்தது ஒரே கேள்வி: ஞாயிற்றுக்கிழமை ஆலை மூடியிருக்கும்போது ஏன் இவ்வளவு மின்சாரம்? அடுத்த ஞாயிறு நானும் அவருமாகப் போய் நின்றோம். இயந்திரமெல்லாம் அடங்கியிருந்தது. சுவர் ஓரக் காற்றுக் குழாயிலிருந்து மட்டும் 'உஸ்' என்று சத்தம், கம்ப்ரசர் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. குழாயில் ஏழு இடத்தில் ஓட்டை. திங்கட்கிழமை மதியத்துக்குள் அடைத்துவிட்டார்.